தகவல் தொழில்நுட்ப உதவிப் பணிக்கான பயிற்சி: தேர்ந்தெடுப்பது எப்படி?

நமது நாட்டில் அரசு அலுவலகங்கள், வங்கிகள், மருத்துவமனைகள், இரயில் நிலையங்கள், நியாய விலைக் கடைகள் ஆகிய அனைத்திலும் கணிப்பொறி இன்று இன்றியமையாத கருவியாகிவிட்டது. சுமார் இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகளை ஒளியிழைக் கம்பிவடத்தால் இணைக்கும் திட்டத்திற்கு 2011-ஆம் ஆண்டில் ஒப்புதல் வழங்கப்பட்டது. பின்னர் பாரத் நெட் எனப் பெயர் பெற்ற இத்திட்டமும், 2015 ஜூலை முதல் நாள் தொடங்கப்பட்ட டிஜிட்டல் இந்தியா இயக்கமும் நகரங்களோடு நின்றிருந்த வசதிகளைச் சிற்றூர்களுக்கும் கொண்டு சென்றன. பட்டா நகல் பெறுவதற்கும் முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் செய்வதற்கும் மக்கள் இப்போது ஒரு கணிப்பொறியின் முன்புதான் காத்து நிற்கிறார்கள்.

கருவிகள் பெருகும்போது பழுதுகளும் பெருகும். ஓர் அலுவலகத்தில் வலையமைப்பு ஒரு முற்பகல் செயலற்றுப் போனால், தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து பேருந்தில் வந்த ஐம்பது பேர் வெறுங்கையோடு திரும்ப நேரிடுகிறது. இத்தகைய பழுதைக் கண்டறிந்து நீக்குபவரே தகவல் தொழில்நுட்ப உதவிப் பணியாளர். பொறியியல் பட்டம் பெறாத இளைஞரும் இத்துறையில் நுழைய இப்பணி ஒரு வாயிலாக உள்ளது. பள்ளிப் படிப்பை முடித்த இலட்சக்கணக்கானோர் இதனை நாடுவதும், அவர்களை நாடி எண்ணற்ற பயிற்சி நிலையங்கள் தோன்றியிருப்பதும் இக்காரணத்தாலேயே ஆகும்.

இந்நிலையங்களுள் தரமானவையும் உள்ளன, தரமற்றவையும் உள்ளன. விளம்பரத்தை மட்டும் பார்த்து இவற்றை வேறுபடுத்தி அறிவது எளிதன்று. தவறான தேர்வினால் ஒரு குடும்பத்தின் சேமிப்பும் ஓர் இளைஞரின் மதிப்புமிக்க ஓராண்டும் வீணாகின்றன. எனவே பயிற்சியில் சேருமுன் கவனிக்க வேண்டியவற்றை முறையாக அறிந்துகொள்வது அவசியம்.

பணியின் தன்மை

பயிற்சியைத் தேர்ந்தெடுக்குமுன் பணியைப் புரிந்துகொள்ள வேண்டும். உதவிப் பணி என்பது கணிப்பொறியை இயக்கத் தெரிவது மட்டுமன்று. வன்பொருளைப் பிரித்துப் பொருத்துதல், இயக்க மென்பொருளை நிறுவுதல், வலையமைப்பைச் சீர்செய்தல், அச்சுப்பொறிகளைப் பராமரித்தல், தகவல்களுக்குக் காப்புப் படி எடுத்தல், கடவுச்சொற்களையும் பயனாளர் உரிமைகளையும் நிர்வகித்தல், தீய மென்பொருளிலிருந்து பாதுகாத்தல் ஆகியவை இதில் அடங்கும். இவை எல்லாவற்றிற்கும் மேலாக, கணிப்பொறி அறியாத ஒருவர் பதற்றத்தோடு சொல்லும் குறையைப் பொறுமையுடன் கேட்டு, அதன் காரணத்தை ஊகித்து, சோதித்து, சரிசெய்து, செய்ததைப் பதிவு செய்து வைக்கும் ஒழுங்கு வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டினால் இதனை விளக்கலாம். ஓர் அலுவலகத்தில் ஒரு கணிப்பொறியில் மட்டும் இணையம் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். பயிற்சி பெற்றவர் முதலில் கம்பி சரியாகப் பொருந்தியுள்ளதா, இணைப்பு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார். பிறகு அக்கணிப்பொறியின் வலையமைப்பு முகவரி எண்ணைப் பார்ப்பார். அது 169.254 என்று தொடங்கினால், முகவரி வழங்கும் சர்வரைக் கணிப்பொறியால் எட்ட முடியவில்லை என்றும், ஆகவே அது தனக்குத்தானே ஓர் எண்ணை இட்டுக்கொண்டது என்றும் அறிவார். முகவரி சரியாக இருந்து, எண்ணைக் கொடுத்தால் வெளி சர்வர் பதிலளிக்கிறது, பெயரைக் கொடுத்தால் பதிலில்லை என்ற நிலை இருந்தால், பெயரை எண்ணாக மாற்றித்தரும் அமைப்பில்தான் குறை என்று முடிவு செய்வார். பயிற்சி இல்லாதவரோ கணிப்பொறியை அணைத்து அணைத்துப் போடுவார். இறுதியில் இயக்க மென்பொருளையே அழித்து மீண்டும் நிறுவுவார். அதற்குள் ஒரு நாள் போய்விடும். சில வேளைகளில் கோப்புகளும் போய்விடும்.

ஒரு பயிற்சியின் தரத்தை அளக்க இதுவே சிறந்த அளவுகோல். இத்தகைய பழுதைப் படிப்படியாக ஆராய்ந்து தீர்க்கும் ஆற்றலை மாணவருக்குத் தருகிறதா என்பதே முதல் கேள்வி. சொற்செயலி, கணக்குத்தாள் ஆகியவற்றை மட்டும் கற்பிக்கும் பயிற்சி அலுவலக எழுத்தருக்குப் பயன்படும். உதவிப் பணிக்கு அது போதாது.

மூவகைச் சான்றிதழ்கள்

சான்றிதழ் என்ற ஒரே சொல் மூன்று வேறுபட்ட பொருள்களில் வழங்குகிறது. இந்த வேறுபாட்டை அறியாமையே பல ஏமாற்றங்களுக்குக் காரணமாகும்.

முதலாவது, பயிற்சி நிலையமே தன் மாணவருக்கு வழங்கும் நிறைவுச் சான்றிதழ். மாணவர் வகுப்பிற்கு வந்தார் என்பதற்கு இது ஆதாரம். அவருக்குத் தொழில் தெரியும் என்பதற்கு வெளியார் எவரும் பொறுப்பேற்கவில்லை. இரண்டாவது, அரசு அல்லது அரசால் ஏற்பளிக்கப்பட்ட அமைப்பு மதிப்பீடு செய்து வழங்கும் சான்றிதழ். மூன்றாவது, தொழில்துறை அமைப்புகளும் கருவி, மென்பொருள் தயாரிக்கும் நிறுவனங்களும் உலகெங்கும் ஒரே முறையில் நடத்தும் தேர்வில் தேறியவர்க்கு அளிக்கும் சான்றிதழ். பின்னைய இரண்டிலும் கற்பிப்பவர் வேறு, மதிப்பிடுபவர் வேறு. அவற்றின் மதிப்பு இந்தப் பிரிவிலிருந்தே பிறக்கிறது.

சில நிலையங்கள் தாம் நிறுவனச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவை என்றும், ஐ.எஸ்.ஓ. 9001 தரச்சான்று பெற்றவை என்றும் பெரிய எழுத்துக்களில் விளம்பரம் செய்கின்றன. நிறுவனப் பதிவு தொழில் நடத்துவதற்கானது. ஐ.எஸ்.ஓ. 9001 நிர்வாக முறையைப் பற்றியது. இவை இரண்டும் பாடத்திட்டத்திற்கோ சான்றிதழுக்கோ அளிக்கப்பட்ட அங்கீகாரம் ஆகா. சான்றிதழில் யாருடைய பெயர் இருக்கும், மதிப்பீடு செய்பவர் யார் என்ற இரு கேள்விகளுக்கும் எழுத்தில் விடை பெறுவது நல்லது.

அரசு சார்ந்த பயிற்சிகள்

தொழிற்கல்வித் தகுதிகளை ஒரே ஏணியில் வரிசைப்படுத்தும் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு 2013 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. 2023-இல் திருத்தியமைக்கப்பட்ட இக்கட்டமைப்பில் எட்டு நிலைகள் உள்ளன. சான்றிதழ் வழங்கும் அமைப்புகளையும் மதிப்பீட்டு அமைப்புகளையும் ஏற்பளித்து ஒழுங்குபடுத்தும் பொறுப்பு, 2018 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியத் தொழிற்கல்வி மற்றும் பயிற்சிக் குழுவிடம் உள்ளது. ஒரு பயிற்சி இக்கட்டமைப்பில் இடம்பெற்றிருப்பதாகக் கூறப்பட்டால், அதன் தகுதிக் குறியீட்டு எண்ணைக் கேட்டுப் பெற்று, தேசியத் தகுதிகள் பதிவேட்டில் சரிபார்த்துக்கொள்ளலாம். பதிவேட்டில் இல்லாத எண்ணைப் பற்றி மேலும் விவாதிக்க வேண்டியதில்லை.

தொழிற்பயிற்சி நிலையங்கள் 1950-ஆம் ஆண்டில் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் இயங்குபவை. இவற்றில் கணிப்பொறி இயக்குநர் மற்றும் நிரல் உதவியாளர் என்ற ஓராண்டுப் பிரிவும், தகவல் தொடர்புத் தொழில்நுட்ப அமைப்புகளின் பராமரிப்பு என்ற இரண்டாண்டுப் பிரிவும் உள்ளன. பெயரளவில் முதலாவது கவர்ச்சியாகத் தோன்றினாலும், பழுதுபார்க்கும் பணிக்கு இரண்டாவதே பொருத்தமானது. இதில் தேறியவர்க்குத் தேசியத் தொழிற்பிரிவுச் சான்றிதழ் கிடைக்கிறது. தொடர்ந்து 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி நிறுவனங்களில் உதவித்தொகையுடன் பழகுநராகச் சேரவும் வாய்ப்பு உண்டு. அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் கட்டணம் மிகக் குறைவு என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின்கீழ் இயங்கும் நீலிட் என்ற நிறுவனம் மற்றொரு வழியாகும். 1990-இல் தோன்றிய டோயக் திட்டமே 2011-இல் இப்பெயர் பெற்றது. இதன் 'ஓ' நிலைப் பாடம் ஓராண்டுக் காலத்தது. பல அரசுப் பணி அறிவிக்கைகளில் 'ஓ' நிலை கணிப்பொறித் தகுதியாக ஏற்கப்படுகிறது. வன்பொருள் பராமரிப்புக்கென இந்நிறுவனம் தனிப் பாடங்களையும் நடத்துகிறது. மாணவர் 'ஓ' நிலையை நாடுகிறாரா, வன்பொருள் பாடத்தை நாடுகிறாரா என்பதை முன்கூட்டியே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். முன்னது பெரிதும் பொதுக் கணிப்பொறி அறிவையும் நிரல் எழுதுதலையும் சார்ந்தது. பின்னதே கருவிகளைச் சார்ந்தது.

துறைவாரித் திறன் குழுக்கள் வகுத்துள்ள குறுகிய காலத் தகுதிகளும் உள்ளன. மின்னணுத் துறைத் திறன் குழுவின் களத் தொழில்நுட்பர் தகுதிகளும், தகவல் தொழில்நுட்பத் துறைத் திறன் குழுவின் உதவி மையப் பணியாளர் தகுதியும் இப்பணியை நேரடியாகக் குறித்தவை. பிரதம மந்திரி திறன் மேம்பாட்டுத் திட்டம் போன்ற அரசுத் திட்டங்களின்கீழ் நடத்தப்படும்போது இத்தகைய பயிற்சிகளுக்குக் கட்டணம் இல்லை. சில நூறு மணி நேரப் பயிற்சியால் ஒருவர் தொழிலின் வாயிலில் நிற்க முடியும். தேர்ந்த பணியாளராகிவிட முடியாது என்பதையும் உணர வேண்டும்.

நிறுவனங்களின் தேர்வுகள்

உலக அளவில் உதவிப் பணிக்கான தொடக்கச் சான்றிதழாக நன்கு அறியப்பட்டது காம்ப்டியா அமைப்பின் ஏ பிளஸ் ஆகும். 1993 முதல் நடத்தப்படும் இதற்கு இரண்டு தேர்வுகளிலும் தேற வேண்டும். ஒவ்வொன்றும் 90 நிமிடங்கள். வினாக்கள் 90-க்கு மேற்படா. சூழலைக் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்லும் வினாக்களும் இடம்பெறுகின்றன. சான்றிதழ் மூன்றாண்டுகள் செல்லும். அதன்பின் புதுப்பிக்க வேண்டும்.

வலையமைப்புத் துறையில் முன்னேற விரும்புவோர் சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ. தேர்வை நாடுகின்றனர். 2020 பிப்ரவரியிலிருந்து இது ஒரே தேர்வாக நடத்தப்படுகிறது. இதுவும் மூன்றாண்டுகளுக்கே செல்லும். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் பணி சார்ந்த சான்றிதழ்களை ஆண்டுதோறும் இணையவழித் தேர்வால் கட்டணமின்றிப் புதுப்பித்துக்கொள்ளலாம். கூகுள் நிறுவனம் 2018-இல் தொடங்கிய தகவல் தொழில்நுட்ப உதவிச் சான்றிதழ் வேறு வகையைச் சேர்ந்தது. இணையவழிப் பாடங்களையும் பயிற்சிகளையும் முடித்தால் கிடைப்பது. அடிப்படையைக் கற்க அது பயனுள்ளது. ஆனால் கண்காணிப்புடன் நடக்கும் தேர்வுக்கு நிகராக அதனைக் கருத இயலாது.

இத்தேர்வுகளை எழுத ஒரு குறிப்பிட்ட பயிற்சி நிலையத்தில் சேர்ந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் ஏ பிளஸ்ஸுக்கும் இல்லை, சி.சி.என்.ஏ.வுக்கும் இல்லை. தாமே படித்துத் தேர்வு மையத்தில் நேராகப் பதிவு செய்துகொள்ளலாம். இதனை மறைத்து, தம் வழியாக மட்டுமே தேர்வு எழுத முடியும் என்று கூறும் நிலையத்தை ஐயத்துடன் பார்ப்பது நலம்.

பாடத்திட்டத்தின் காலம்

நெல் விதைக்குப் பருவம் இருப்பது போலவே கணிப்பொறிப் பாடத்திற்கும் காலம் உண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனம் எம்.சி.எஸ்.இ. முதலிய பழைய சான்றிதழ்களை 2021 ஜனவரி 31-ஆம் நாளோடு நிறுத்திவிட்டது. அதன் பின்னரும் அப்பெயரில் ஒருவர் மாணவர் சேர்த்தால், அவர் விற்பது இல்லாத பொருளையே. ஏ பிளஸ் தேர்வின் 1101, 1102 என்ற பதிப்புகள் 2025 செப்டம்பரில் நிறுத்தப்பட்டு, 1201, 1202 என்ற பதிப்புகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. விண்டோஸ் 10 இயக்க மென்பொருளுக்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிவடைந்தது.

ஆகவே, எந்தத் தேர்வுக்கு, எந்தப் பதிப்பு எண்ணுக்கு, எந்த நாள் வரை என்ற மூன்றையும் கேட்டறிய வேண்டும். தேர்வு நடத்தும் அமைப்பு தன் பாடத்திட்டத்தை விலையின்றி வெளியிடுகிறது. அதனை ஒரு கையிலும் பயிற்சி நிலையத்தின் அட்டவணையை மறு கையிலும் வைத்து ஒப்பிட்டால், விடுபட்ட பகுதிகள் உடனே புலப்படும். மறந்துபோன கடவுச்சொல்லை மாற்றித்தருவது போன்ற எளிய பணிகள் இப்போது தானியங்கி முறைகளுக்குச் சென்றுகொண்டிருக்கின்றன. பாதுகாப்பு, மேகக் கணிமை, தொலைவிலிருந்து பழுது நீக்குதல் ஆகியவற்றிற்கு இடமளிக்காத பாடத்திட்டம் நாளைய தேவையை நிறைவு செய்யாது.

ஆய்வுக்கூடமும் ஆசிரியரும்

நீந்தக் கற்பவர் ஆற்றில் இறங்க வேண்டும். பழுதுபார்க்கக் கற்பவர் பழுதான கருவியைத் தொட வேண்டும். பணம் செலுத்துமுன் ஒரு நாள் ஆய்வுக்கூடத்தைப் பார்க்க அனுமதி கேட்பது மாணவரின் உரிமை. பார்க்கும்போது சிலவற்றைக் கவனிக்கலாம். ஒரு கணிப்பொறிக்கு எத்தனை மாணவர்? பிரித்துப் பொருத்துவதற்கெனத் தனிக் கணிப்பொறிகள் உள்ளனவா? சுவிட்ச், ரூட்டர், கம்பி முனை பொருத்தும் கருவி, சோதனைக் கருவி ஆகியவை மாணவர் கைக்கு வருகின்றனவா, அல்லது கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு உள்ளனவா? வாரத்திற்கு எத்தனை மணி நேரம் செய்முறை?

தேசியக் கடன்மதிப்புக் கட்டமைப்பின்படி 30 மணி நேரக் கற்றல் ஒரு கடன்மதிப்பு எனவும், ஓராண்டு முழுநேரப் படிப்பு 1,200 மணி நேரம் எனவும் கொள்ளப்படுகிறது. 'ஆறு மாதப் பயிற்சி' என்று கூறப்படுவது வாரம் மூன்று நாள், நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாக இருந்தால், மொத்தம் 78 மணி நேரமே ஆகும். மாதங்களை எண்ணாமல் மணிகளை எண்ண வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

ஆசிரியர் தாம் கற்பிக்கும் சான்றிதழைத் தாமே பெற்றிருக்கிறாரா, களத்தில் பணியாற்றியிருக்கிறாரா என்பதும் முக்கியம். பல நிலையங்களில் சென்ற ஆண்டு மாணவரே இவ்வாண்டு ஆசிரியராக இருப்பதைக் காணலாம். அடிப்படையில் அது குற்றமன்று. ஆனால் அவருக்கு மேற்பார்வை செய்ய அனுபவமுள்ள ஒருவர் இருத்தல் வேண்டும்.

கட்டணக் கணக்கு

விளம்பரத்தில் உள்ள கட்டணம் முழுச் செலவன்று. எடுத்துக்காட்டாக, பயிற்சிக் கட்டணம் 40,000 ரூபாய் என்று கொள்வோம். தனியார் பயிற்சிக்குப் பொதுவாக விதிக்கப்படும் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி 7,200 ரூபாய். தேர்வுக் கட்டணத்திற்கு 25,000 ரூபாயும், வெளியூரில் ஆறு மாதம் தங்கி உண்ண மாதம் 5,000 வீதம் 30,000 ரூபாயும் ஒதுக்கினால், மொத்தம் 1,02,200 ரூபாய் ஆகிறது. நாற்பதாயிரம் என்று எண்ணி இறங்கியவர் ஒரு லட்சத்தைக் கடந்து நிற்கிறார். தேர்வில் முதல் முறை தேறாவிட்டால் மறுமுறைக் கட்டணமும் சேரும்.

எனவே தேர்வுக் கட்டணம் சேர்ந்ததா, தனியா என்பதை எழுத்தில் பெறுதல் வேண்டும். தேர்வுக்கான முன்பதிவுச் சீட்டு எந்த நாள் வரை செல்லும் என்பதையும் கேட்க வேண்டும்; காலம் கடந்த சீட்டுக்குப் பயனில்லை. இடையில் நிற்க நேர்ந்தால் எவ்வளவு தொகை திரும்பக் கிடைக்கும் என்ற விதியையும் முன்னரே படித்துப் பார்க்க வேண்டும்.

தவணை முறை என்ற பெயரில் சில நிலையங்கள் மாணவரைக் கடன் நிறுவனத்தின் படிவத்தில் கையெழுத்திடச் செய்கின்றன. நிலையத்திற்கு முழுத் தொகையும் அன்றே சேர்ந்துவிடும். மாணவர் பத்தாம் நாள் வெளியேறினாலும், நிலையமே மூடப்பட்டாலும், கடன் நிறுவனத்திற்குத் தவணை கட்ட வேண்டியவர் மாணவரும் அவர் தந்தையுமே. கையெழுத்திடுவது கட்டண ஒப்பந்தமா, கடன் ஒப்பந்தமா என்பதைத் தெரிந்துகொண்ட பின்னரே பேனாவைத் திறக்க வேண்டும்.

வேலை உத்தரவாதம்

'நூறு விழுக்காடு வேலை உறுதி' என்ற சொற்றொடர் வேலையின்றித் தவிக்கும் குடும்பத்தின் மனத்தைக் கவர்வதில் வியப்பில்லை. ஆனால் பிறர் நிறுவனத்தில் வேலை தருவதாக உறுதி கூறும் அதிகாரம் எந்தப் பயிற்சி நிலையத்திற்கும் கிடையாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பயிற்சி நிலையங்கள் வேலை உறுதி, தேர்ச்சி உறுதி என்று பொய்யாக விளம்பரம் செய்வதைத் தடை செய்கின்றன. வெற்றி பெற்றவரின் படத்தை அவர் ஒப்புதலின்றி வெளியிடுவதும், அவர் படித்த பாடம் எது என்பதை மறைப்பதும் தவறாகும்.

நிலையம் வேலைவாய்ப்புப் பட்டியல் ஒன்றைக் காட்டினால், சில கேள்விகளால் அதனைச் சோதிக்கலாம். சென்ற ஆண்டு சேர்ந்தவர் எத்தனை பேர், முடித்தவர் எத்தனை பேர், வேலை பெற்றவர் எத்தனை பேர்? அது எத்தகைய பணி? கருவிகளைப் பராமரிக்கும் பணியா, தொலைபேசியில் பொருள் விற்கும் பணியா? ஆறு மாதம் கழித்தும் அப்பணியில் இருக்கிறார்களா? முன்னாள் மாணவர் இருவரைச் சந்தித்துப் பேசுவது, பத்து விளம்பரங்களைப் படிப்பதைவிடப் பயன் தரும். ஏமாற்றப்பட்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். இரசீதும் ஒப்பந்தமும் விளம்பரத் தாளும் அப்போதுதான் கைகொடுக்கும். ஆகவே அவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும்.

குறுக்கு வழியின் கேடு

தேர்வு வினாக்களைக் கள்ளத்தனமாகச் சேகரித்து விற்கும் தாள்களை மனப்பாடம் செய்யச் சொல்லி, 'ஒரே வாரத்தில் தேர்ச்சி' என்று கூறும் நிலையங்களும் உண்டு. இது தேர்வு விதிகளுக்கு முரணானது. கண்டுபிடிக்கப்பட்டால் சான்றிதழ் ரத்தாகும். மீண்டும் எழுதவும் தடை வரலாம். கண்டுபிடிக்கப்படாவிட்டாலும் இழப்பு நேர்கிறது. நேர்முகத்தில் ஒரு கணிப்பொறியை முன்வைத்து 'இதில் என்ன குறை?' என்று கேட்கும்போது மனப்பாடம் உதவாது. அவருக்குப் பின் வரும் நேர்மையான மாணவரின் சான்றிதழும் அதனால் மதிப்பிழக்கிறது.

யாருக்கு எது பொருந்தும்

எல்லோருக்கும் ஏற்ற ஒரே பயிற்சி இல்லை. பத்தாம் வகுப்பு முடித்து, பொருள் வசதி குறைந்த மாணவருக்கு அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தின் இரண்டாண்டுப் பிரிவே உறுதியான அடித்தளம். அரசு அலுவலகப் பணியை எதிர்நோக்குபவர், தாம் விண்ணப்பிக்கக் கருதும் பணிகளின் பழைய அறிவிக்கைகளைப் படித்து, அவற்றில் குறிக்கப்பட்ட தகுதியையே நாட வேண்டும். அங்கு அயல்நாட்டு நிறுவனச் சான்றிதழ் கணக்கில் கொள்ளப்படாமல் போகலாம். பட்டம் முடித்துப் பெருநகர நிறுவனங்களை நோக்குபவருக்கு ஏ பிளஸ், அதன்பின் சி.சி.என்.ஏ. என்ற வரிசை பயன்படும். ஏற்கெனவே பழுதுபார்க்கும் கடை நடத்துபவர், முன்கற்றலை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் திட்டத்தின்கீழ் குறைந்த காலத்தில் தகுதி பெறலாம்.

எவராயினும், பணம் கட்டுமுன் ஒரு மாதம் தாமே கற்றுப் பார்ப்பது அறிவுடைமை. 2017-இல் தொடங்கப்பட்ட ஸ்வயம் தளத்தில் பாடங்களைக் கட்டணமின்றிக் கற்கலாம். சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் தேர்வுக் கட்டணம் செலுத்தினால் போதும். சிஸ்கோ நிறுவனத்தின் கல்விப் பிரிவு வலையமைப்பை மாதிரியாக அமைத்துப் பார்க்கும் மென்பொருளை விலையின்றி அளிக்கிறது. அந்த ஒரு மாதத்திலேயே ஆர்வம் உண்மையானதா, அண்டை வீட்டாரைப் பார்த்து வந்ததா என்பது தெரிந்துவிடும். ஒரே ஆண்டில் ஏழு சான்றிதழ்களைத் தேடி அலைவதைவிட, ஒன்றை முழுமையாகக் கற்று, ஒரு பழகுநர் பணியில் கை தேர்வது மேல்.

அலுவலர்களின் பங்கு

இப்பொறுப்பு முழுவதையும் மாணவர் மீது சுமத்துவது முறையன்று. மாவட்ட அளவில் திறன் பயிற்சிக்கு நிதி ஒதுக்கும் அலுவலர்கள், சேர்ந்தோர் எண்ணிக்கையைக் கொண்டு நிலையங்களை மதிப்பிடாமல், முடித்து ஆறு மாதம் கழித்துப் பணியில் உள்ளோர் எண்ணிக்கையைக் கொண்டு மதிப்பிட வேண்டும். அறிவிப்பின்றிச் சென்று ஆய்வுக்கூடத்தைப் பார்வையிடுவது, அழகாகத் தயாரிக்கப்பட்ட அறிக்கையைப் படிப்பதைவிட உண்மையை உணர்த்தும். ஏற்பளிக்கப்பட்ட நிலையங்களின் பட்டியலை உள்ளூர் மொழியில் பள்ளிகளிலும் வேலைவாய்ப்பு அலுவலகங்களிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் ஒட்டி வைத்தாலே பாதி ஏமாற்றங்கள் தவிர்க்கப்படும்.

அரசு அலுவலகங்களே பெரும் எண்ணிக்கையில் கணிப்பொறிகளைப் பயன்படுத்துவதால், பழகுநர்களுக்கு அவையே சிறந்த பயிற்சிக் களமாகலாம். பணிக்கு ஆள் எடுக்கும்போதும், சான்றிதழின் பெயரை மட்டும் கேட்காமல் அரைமணி நேரச் செய்முறைத் தேர்வு ஒன்றை வைத்தால், நல்ல பயிற்சிக்கும் போலிப் பயிற்சிக்கும் உள்ள வேறுபாடு சந்தையிலேயே வெளிப்படும். நல்ல நிலையங்கள் அதனால் வளரும்.

சான்றிதழ் ஒரு கதவைத் தட்ட உதவும். உள்ளே சென்றபின் நிலைத்து நிற்கத் திறமையே உதவும். மதிப்பிடுபவர் யார், பதிப்பு எது, செய்முறை எத்தனை மணி, மொத்தச் செலவு எவ்வளவு, முன்னாள் மாணவர் எங்கே என்ற ஐந்து கேள்விகளுக்கு எழுத்தில் விடை கிடைக்கும் வரை எந்தக் குடும்பமும் தன் சேமிப்பைக் கையிலிருந்து விடவேண்டியதில்லை. அக்கேள்விகளைத் தயக்கமின்றிக் கேட்கும் மாணவர்கள் பெருகினால், கருவிகள் நிறைந்த நம் அலுவலகங்களில் அவற்றைக் காக்கத் தெரிந்த கைகளும் நிறையும். பழுதான கணிப்பொறியின் முன் காத்து நிற்கும் முதியவரும் வந்த வேலை முடிந்து வீடு திரும்புவார்.